ஒரே தெரு, ஒரே கோயில், இரண்டு சான்றிதழ்

இரவு ஏழரை மணிக்கு எங்கள் வீட்டில் ஜெபமாலை. தொலைக்காட்சியை அணைத்துவிட்டு மாதா படத்துக்கு முன்னால் பாய் விரித்து உட்காருவோம். சின்னவன் மூன்றாவது பத்துமணிக்குள் தூங்கிவிடுவான். என் அம்மாவுக்கு முழங்கால் மடங்குவதில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு எல்லோரையும்விட உரக்கச் சொல்லுவார். முடிந்ததும் பிள்ளைகள் ஸ்தோத்திரம் சொல்லி வருவார்கள். பெரியவர்கள் அவர்கள் நெற்றியில் சிலுவை வரைவோம். அதற்குப் பிறகுதான் சோறு.

அடுத்த வீடு அண்ணனுடையது. நடுவில் ஒரே சுவர். அங்கேயும் அதே நேரத்தில் அதே ஜெபமாலை. ஞாயிறு பூசைக்கு இரண்டு குடும்பமும் ஒன்றாகத்தான் போகிறோம். தவக்காலத்தில் இரண்டு வீட்டிலும் கறி கிடையாது. ஆவணி மாதம் வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடக்கும்போது அண்ணனும் நானும் மாறி மாறிப் பை தூக்குவோம். ஊர்த்தெருக்காரர்கள் எங்களை அழைக்கும் பெயரும் இருவருக்கும் ஒன்றுதான்.

ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. அண்ணன் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழில் இந்து ஆதிதிராவிடர், பட்டியல் சாதி என்று இருக்கிறது. என் பிள்ளைகளின் சான்றிதழில் கிறிஸ்தவ ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் என்று இருக்கிறது. அவர்களுக்கு வட்டாட்சியர் கையெழுத்து, இவர்களுக்குத் துணை வட்டாட்சியர் கையெழுத்து. ஒரு தாத்தாவின் பேரப்பிள்ளைகள் அரசாங்கக் கணக்கில் இரண்டு இனம்.

இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. அண்ணனை ஒரு பள்ளியில் சேர்த்தபோது அங்கிருந்த தலைமையாசிரியர் பெயரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, மதத்தைக் கேட்காமலே எழுதிக்கொண்டார். என்னை வேறு பள்ளியில் சேர்த்தார்கள். அங்கிருந்தவர் கழுத்தில் கிடந்த உத்தரியத்தைப் பார்த்து எழுதினார். இரண்டு பேனாக்கள், இரண்டு எழுத்து. நாற்பது வருடம் கழித்து அதன் பலன் எங்கள் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தது.

மகள் பிளஸ் டூ முடித்தாள். வேளாண்மைப் பட்டப்படிப்பு அவளுடைய ஆசை. கலந்தாய்வில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் நெருங்கி வந்து நின்றுவிட்டது, இடம் கிடைக்கவில்லை. அவளைவிடக் கொஞ்சம் குறைவாக எடுத்த அண்ணன் மகனுக்குக் கிடைத்தது. அவன் யாருடைய இடத்தையும் பறிக்கவில்லை. அவனுக்கு உரியதைத்தான் பெற்றான். அந்த வீட்டில் கேக் வெட்டியபோது முதல் துண்டை வாங்கிச் சாப்பிட்டவள் என் மகள்தான். ஆனால் அன்றிரவு ஜெபம் முடிந்து நான் நெற்றியில் சிலுவை போடும்போது அவள் கேட்டாள்:

“அப்பா, சர்டிபிகேட்டை மாத்திக்கலாம்னு எல்லாரும் சொன்னப்ப நீங்க மாட்டேன்னுட்டீங்க. அது உங்க விசுவாசம். அதுக்கு நான் ஏம்பா விலை குடுக்கணும்?”

அன்று எனக்குப் பதில் வரவில்லை. இந்தக் கட்டுரை நான் தேடிய பதில்.

1950இல் விழுந்த கோடு

பட்டியல் சாதி யார் என்பதை அரசியல் சாசனத்தின் 341ஆவது பிரிவின்கீழ் குடியரசுத் தலைவர் ஆணை தீர்மானிக்கிறது. அந்த ஆணை 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியானது. அதன் மூன்றாவது பத்தி, இந்து மதம் அல்லாத வேறு மதத்தைப் பின்பற்றுகிறவர் யாரும் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956இல் அதைத் திருத்திச் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். 1990இல் மறுபடி திருத்திப் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். பாபாசாகேப் அம்பேத்கர் நாகபுரியில் தீட்சை பெற்றது 1956இல். அவர் பின்னால் போன மக்களுக்கு அந்த உரிமை வந்து சேர 34 ஆண்டுகள் ஆயின. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இன்றுவரை வரவில்லை. ஆகஸ்ட் 10ஐ தலித் கிறிஸ்தவர்கள் கறுப்பு நாளாகக் கடைப்பிடிப்பது இதனால்தான்.

கிறிஸ்தவத்தில் சாதி இல்லை, பிறகு சாதிச் சலுகை எதற்கு என்று கேட்கிறார்கள். சீக்கிய மதத்திலும் சாதி இல்லை. பௌத்தத்திலும் இல்லை. ஆனாலும் அந்த மதங்களுக்குப் போனவர்களை ஊர் எப்படி நடத்துகிறது என்பதைப் பார்த்துத்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். அதே கண்ணோடு எங்கள் தெருவையும் பார்க்கச் சொல்கிறோம்.

இந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்கு முதலில் கொண்டுபோனவர்களில் ஒருவர் சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை என்ற தொழிலாளி. அப்படித் தொழில் செய்தவர்களுக்கு இலவசமாகப் பெட்டிக்கடை ஒதுக்கினார்கள். இந்து ஆதிதிராவிடர்களுக்குக் கிடைத்தது. கிறிஸ்தவரான சூசைக்குக் கிடைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அதே ஊசியால் அதே தோலைத் தைத்தவருக்குக் கடை, இவருக்கு வெயில். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் அதே கொடுமை, அதே அளவு கடுமையோடு புதிய மதத்துக்குள்ளும் தொடர்கிறது என்பதைக் காட்ட வேண்டும். அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது.

2015இல் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொன்று சொன்னது. மதம் மாறியவரின் வாரிசு தாய்மதம் திரும்பி, அந்தச் சாதி மக்களும் அவரை ஏற்றுக்கொண்டால், பழைய சாதித் தகுதி மீண்டும் வந்துவிடும். சட்ட நுணுக்கம் தெரியாத எனக்கு இதில் ஒரு சந்தேகம். திரும்பி வந்தவுடன் சாதி வந்து ஒட்டிக்கொள்கிறது என்றால், இடையில் அது எங்கே போயிருந்தது? எங்கேயும் போகவில்லை. அவன் கூடவேதான் இருந்தது. டீக்கடையில் இருந்தது, களத்துமேட்டில் இருந்தது, சுடுகாட்டுப் பாதையில் இருந்தது. சட்டத்தின் கண்ணுக்கு மட்டும்தான் அது மறைந்திருந்தது.

2024 நவம்பர் 26 அன்று மூன்றாவது தீர்ப்பு வந்தது. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண், பட்டியல் சாதி ஒதுக்கீட்டில் எழுத்தர் வேலைக்காகச் சான்றிதழ் கேட்டவர். ஞானஸ்நானம் பெற்றவர், தொடர்ந்து கோயிலுக்குப் போகிறவர் என்பதைச் சுட்டிக்காட்டி, இடஒதுக்கீட்டுப் பயனுக்காக மட்டும் தன்னை இந்து என்று சொல்வது அரசியல் சாசனத்தின் மீதான மோசடி என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் பகுதியில் எத்தனை வீடுகளில் சோறு இறங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அண்ணன் வீடும் அதில் ஒன்று.

ஒரு சான்றிதழின் விலை

இளைஞர்களுக்கு இதைக் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீட்டில் பட்டியல் சாதியினருக்கு 18. அதற்குள் அருந்ததியருக்கு 3. பிற்படுத்தப்பட்டோருக்கு 30. அதில் முஸ்லிம்களுக்கான 3.5 போக 26.5. எங்கள் பிள்ளைகள் இந்த 26.5இல் நிற்கிறார்கள். எண்ணிக்கை பெரிதாகத் தெரியலாம். ஆனால் அந்த வரிசையில் யார் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்திருந்த சாதிகள், கடை வைத்திருந்த சாதிகள் நிற்கின்றன. அவர்கள் நிலத்தில் நேற்றுவரை நாற்று நட்ட அம்மாவின் மகளும் அங்கேயே நிற்க வேண்டும்.

மத்திய அரசுப் பணியில் பட்டியல் சாதியினருக்கு 15 சதவீதம், வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வு. எங்களை இதர பிற்படுத்தப்பட்டோராகக் கொள்வதால் 27 சதவீதத்தில் எல்லோரோடும் போட்டி, 3 ஆண்டு தளர்வு. கூடவே ‘கிரீமி லேயர்’ வரம்பும் உண்டு.

படிப்பும் வேலையும் மட்டுமல்ல. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும்தான் பாதுகாக்கிறது. சாதியைச் சொல்லித் திட்டுகிறவன் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டுவிட்டுத் திட்டுவதில்லை. ஆனால் காவல் நிலையத்தில் முதல் கேள்வியே சாதிச் சான்றிதழ்தான். அடித்தவனுக்கு நாங்கள் தலித். வழக்குப் பதியும்போது மட்டும் இல்லை. அதேபோல் பட்டியல் சாதிக்கு ஒதுக்கிய ஊராட்சித் தலைவர் பதவிக்கும் வார்டு உறுப்பினர் பதவிக்கும் எங்களால் நிற்க முடியாது. தெருவில் பாதிப் பேர் வாக்களிக்கலாம், வேட்பாளராக முடியாது.

மாநில அரசு தன் கைக்கு எட்டிய வரையில் சிலவற்றைச் செய்திருக்கிறது. ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்வி உதவித்தொகையில் கிறிஸ்தவர்களாக மாறிய ஆதிதிராவிட மாணவர்களையும் சேர்த்திருக்கிறார்கள். இது தெரியாமலே விண்ணப்பிக்காமல் விடும் குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. நீ பிற்படுத்தப்பட்டோர்தானே என்று கல்லூரி அலுவலகத்தில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். பிள்ளையும் திரும்பி வந்துவிடும். மாணவர்களே, அப்படித் திரும்பி வராதீர்கள். கேளுங்கள், எழுதிக் கேளுங்கள். 2023 ஏப்ரல் 19 அன்று தமிழக சட்டப்பேரவை, கிறிஸ்தவர்களாக மாறிய ஆதிதிராவிடர்களுக்கும் பட்டியல் சாதித் தகுதி வேண்டும் என்று தீர்மானமே நிறைவேற்றியது. ஆனால் 341ஆவது பிரிவின் பட்டியலைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம் இருக்கிறது. நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்த மூன்றாவது பத்தியை நீக்கச் சொல்லி 2007இல் அறிக்கை கொடுத்தது. அதற்கு 15 ஆண்டு கழித்து, 2022இல், அதே கேள்வியை ஆராய நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைத்தார்கள். 2004இல் போட்ட வழக்குக்கு இருபது வருடம் தாண்டியும் உச்ச நீதிமன்றத்திலிருந்து முடிவு வரவில்லை. அந்த வருடம் பிறந்த பிள்ளை பட்டம் வாங்கும் வயதைக் கடந்துவிட்டது.

சகோதரர்களின் அச்சம்

எங்கள் கோரிக்கையைச் சொன்னால் நம் இயக்கத் தோழர்களில் சிலரே முகம் சுளிப்பார்கள். “உங்களுக்கு மிஷன் பள்ளி இருக்கு, சாமியார் சிபாரிசு இருக்கு. நீங்களும் வந்தா இந்த 18ல எங்களுக்கு என்ன மிஞ்சும்?” என்று ஒரு நண்பர் நேராகவே கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. பசித்தவன் தட்டைப் பார்த்துக்கொள்வது இயல்பு.

அவருக்கு என் பதில் இதுதான். இருக்கும் 18இல் பங்கு கேட்பது எங்கள் நோக்கமில்லை. நாங்கள் வரும்போது எங்கள் எண்ணிக்கைக்கு உரிய பங்கும் எங்களோடு வர வேண்டும். பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டிலிருந்து நாங்கள் வெளியேறினால் அங்கே அந்த அளவு குறையத்தானே வேண்டும்? ஒதுக்கீட்டுக்குள் கணக்கை மாற்றி அமைக்க முடியாது என்பதில்லை. அருந்ததியருக்கு 2009இல் தமிழ்நாடு 3 சதவீத உள்ஒதுக்கீடு கொடுத்தது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் உள்ஒதுக்கீடு செல்லும் என்றது. மனம் இருந்தால் வழி உண்டு. எங்களைச் சேர்ப்பதால் இன்னொரு தலித் பிள்ளையின் இடம் போகும் என்றால் அந்தச் சேர்க்கை எனக்கும் வேண்டாம். அந்தப் பிள்ளை என் அண்ணன் மகனாகவும் இருக்கலாம்.

கோயிலின் பங்கு

இனி என் சொந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். டெல்லியை மட்டும் குறை சொல்லி முடித்தால் அது பாதி உண்மை.

சூசை வழக்கில் நீதிமன்றம் கேட்டது ஆதாரம். கிறிஸ்தவத்துக்குள் தீண்டாமை இருக்கிறது என்பதற்கு ஆதாரம் யாரிடம் இருக்கிறது? எங்கள் கோயில்களிடம் இருக்கிறது. கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஓடும் சுவரில் இருக்கிறது. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் சாதி பார்த்துப் பிரித்த சுவர் நாடறிந்தது. எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதையொட்டி 2008 மார்ச்சில் வெடித்த வன்முறை துப்பாக்கிச்சூட்டில் போய் முடிந்தது. இரண்டு உயிர்கள் போயின. செத்தவர்களும் கிறிஸ்தவர்கள்தான். ஒரே மாதாவின் கோயிலுக்குள் யார் எந்த வழியாக வருவது, யாருடைய சவம் எந்தப் பாதையில் போவது என்ற தகராறில் மனித உயிர் போனது என்பதை எந்தப் பிரசங்கத்தாலும் மூடி மறைக்க முடியாது.

இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக்கான கொள்கை அறிக்கை ஒன்றை வெளியிட்டது. திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்பதை அதில் ஒப்புக்கொண்டார்கள். பெரிய விஷயம், நன்றி சொல்ல வேண்டும். 2022இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினால் ஆனார். அந்த நிலைக்கு உயர்ந்த முதல் தலித் அவர். எங்கள் தெருவில் வெடி வெடித்தோம். ஆனால் அறிக்கை எழுதுவது ஆயர் இல்லத்தில், தேர் போவது ஊரில். திருவிழாவில் பெரிய தேர் எங்கள் தெருமுனை வரை வந்து திரும்பிப்போகும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. பிள்ளைகள் அங்கேயே மெழுகுவத்தியோடு நிற்கிறார்கள்.

வெளியில் கேட்கும்போது எங்களுக்குள் சாதி இல்லை என்று சொல்லிவிடுவது பல பங்குகளில் வழக்கம். மானம் போய்விடும் என்ற பயம். அந்த ஒரு வாக்கியத்தின் விலை யாருக்கும் புரிவதில்லை. சாதி இல்லை என்று நாமே சொல்லிவிட்டால், பிறகு பட்டியல் சாதி உரிமை எதற்கு என்று அரசு கேட்கத்தானே செய்யும்? சுவரையும் வைத்துக்கொண்டு, சுவர் இல்லை என்றும் சொன்னால் எங்களுக்கு இரண்டு பக்கமும் அடி. ஒன்று, சுவரை இடியுங்கள். அதுவரையில் சுவர் இருக்கிறது என்று உரக்கச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. ஒரே கல்லறை, ஒரே சவ வண்டி, எல்லாத் தெருவுக்கும் ஒரே தேர் என்று பங்குப் பேரவை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிவெடுக்கலாம். சிறுபான்மை உரிமையோடு நடக்கும் பள்ளி, கல்லூரிகளில் தலித் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு எத்தனை இடம் கொடுத்தோம், எத்தனை ஆசிரியர் பணி கொடுத்தோம் என்று ஒவ்வொரு மறைமாவட்டமும் ஆண்டுக்கு ஒருமுறை கணக்கு வெளியிடலாம். அரசு எங்களுக்கு மறுத்ததைத் திருச்சபை தன் கையால் கொஞ்சமாவது ஈடு செய்யலாம். அப்படிச் செய்துவிட்டு டெல்லிக்குப் போய்க் கேட்டால் அந்தக் குரலுக்குத் தனி பலம் இருக்கும்.

இலக்கியம் படிக்கும் மாணவர்களுக்கு ஒன்று. 1992இல் வந்த பாமாவின் ‘கருக்கு’, 1994இல் வந்த இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ இரண்டையும் தேடிப் படியுங்கள். முன்னது ஒரு தலித் கிறிஸ்தவப் பெண்ணின் வாழ்க்கை. பின்னதில் வரும் ஆரோக்கியம், தலித் தெருவுக்குத் துணி வெளுக்கும் ஒரு கிறிஸ்தவத் தாய். நமக்கும் கீழே ஒரு படி வைத்து நாம் மிதித்த கதை அது. நம் வீட்டு அழுக்கையும் பார்க்கச் சொல்லும் புத்தகம்.

நான் ஏன் மாட்டேன் என்றேன்

மகள் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

அவள் பத்தாம் வகுப்பு படிக்கும்போதே உறவினர்கள் வந்து உட்கார்ந்து பேசினார்கள். ஓர் அமைப்பில் சடங்கு செய்து தாய்மதம் திரும்பியதாகச் சான்று வாங்கலாம், அரசிதழில் பெயர் மாற்றலாம், பிறகு வட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். “மனசுல யாரைக் கும்பிட்டா என்ன, காகிதத்துல மாத்து” என்றார் மாமா ஒருவர். அவர் கெட்டவர் இல்லை. என் பிள்ளை முன்னேற வேண்டும் என்றுதான் சொன்னார்.

நான் மறுத்ததற்குப் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. என் அப்பா கூலி வேலை செய்துகொண்டே எங்கள் தெருவில் ஜெபம் சொல்லிக் கொடுத்தவர். ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவர், கோயிலுக்கு வரும்போது மட்டும் வெள்ளை வேட்டி கட்டி நிமிர்ந்து வருவார். அந்தக் கோயிலிலும் அவரைப் பின்வரிசையில்தான் உட்கார வைத்தார்கள். ஆனாலும் கடவுள் தன் பெயரைத் தெரிந்துவைத்திருக்கிறார் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை அவருக்கு முதுகெலும்பு. அதை ஒரு மனுவில் அடித்துவிட்டு, மறுநாள் அதே மாதா படத்துக்கு முன்னால் பிள்ளைகளை உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. பொய் சாட்சி கூடாது என்ற கட்டளையை நான்தானே அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

அண்ணனைப் பற்றி நான் இப்படி நினைப்பதில்லை. அவர் எதையும் மாற்றவில்லை. அவருக்குத் தெரியாமல் ஒருவர் எழுதியதோடு வாழ்கிறார். பிள்ளைகளின் படிப்பு போய்விடுமோ என்ற பயத்தில் கோயில் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர் என்று வாழும் ஆயிரம் குடும்பங்களைப் பொய்யர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பெற்ற பிள்ளைக்குச் சோறா, கும்பிடும் சாமியா என்று கேட்டு இரண்டில் ஒன்றைத் தொடச் சொல்லும் சட்டத்தைத்தான் முதலில் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வேண்டும். 25ஆவது பிரிவில் மதச் சுதந்திரம் கொடுத்த அதே அரசு, அதைப் பயன்படுத்தினால் உன் மகளின் படிப்பைக் கொடு என்கிறது.

ஆனால் மகள் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. முடிவு என்னுடையது, இழப்பு அவளுடையது. அப்பாக்கள் நாம் இதை ஒப்புக்கொள்வதே இல்லை. நம் வைராக்கியத்தைப் பிள்ளைகளின் கணக்கில் எழுதிவிட்டு, கடவுள் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிடுகிறோம். ஒரு வாரம் கழித்து ஜெபம் முடிந்ததும் அவளிடம் சொன்னேன்: “நான் செஞ்சது சரின்னுதான் இன்னைக்கும் நெனைக்கிறேன்மா. ஆனா உங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கல. அது என் தப்பு. நாளைக்கு உனக்குன்னு ஒரு குடும்பம் வரும்போது நீ என்ன முடிவெடுத்தாலும் நான் கூட நிப்பேன்.”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. பாயைச் சுருட்டி வைத்தாள். இப்போது பக்கத்து டவுன் கல்லூரியில் தாவரவியல் படிக்கிறாள். கல்வி உதவித்தொகைப் படிவத்தை அவளே கேட்டு வாங்கி, முதலில் இல்லை என்றவர்களிடம் அரசு விதியைக் காட்டி விண்ணப்பித்துவிட்டாள். தெருவில் இன்னும் நாலு பிள்ளைகளுக்கும் எழுதிக் கொடுத்தாள்.

கணக்கெடுப்பில் சொல்லுங்கள்

கடைசியாக, நம் கையில் இருக்கும் ஒரு வேலை. 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லோருடைய சாதியையும் எண்ணப்போவதாக மத்திய அரசு அறிவித்திருக்கிறது. 1931க்குப் பிறகு பொதுக் கணக்கெடுப்பில் அப்படி எண்ணியதில்லை. இதுவரை நடந்த கணக்கெடுப்புகளில் கிறிஸ்தவர் என்று சொன்னவுடன் பட்டியல் சாதி என்ற கட்டம் நமக்கு மூடிவிடும். நாம் எத்தனை பேர் என்று நாட்டுக்கே தெரியாது. எத்தனை பேர் என்று தெரியாதவர்களுக்கு எத்தனை சதவீதம் கொடுப்பது என்று கேட்டுத் தட்டிக்கழிக்கலாம்.

இந்த முறை கணக்கெடுப்பாளர் வரும்போது மதம் எது என்றால் எதுவோ அதைச் சொல்லுங்கள். சாதி எது என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கிறிஸ்தவர் என்று சொன்னதும் சாதிக் கட்டத்தை வெறுமையாக விட்டால், நிரப்பச் சொல்லிக் கேளுங்கள். அண்ணன் வீட்டைப் போன்ற குடும்பங்களுக்குப் பயம் இருக்கும். 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவுப்படி, தனிநபர் கொடுக்கும் விவரம் ரகசியம். அந்தப் பதிவை நீதிமன்றத்தில் சாட்சியமாகக் கொண்டுவர முடியாது. பங்குத் தந்தையர்கள் இதை ஞாயிறு பூசை அறிவிப்பில் சொல்ல வேண்டும். படித்த பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும்.

போன கல்லறைத் திருநாளுக்கு அண்ணனும் நானும் பிள்ளைகளோடு போய் அப்பாவின் கல்லறையைச் சுத்தம் செய்து சுண்ணாம்பு அடித்தோம். சாமந்திப் பூ போட்டு மெழுகுவத்தி ஏற்றினோம். சிலுவையில் அப்பாவின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அவரது பேரப்பிள்ளைகள் ஐந்து பேரும் ஒரே மெழுகுவத்தியிலிருந்து நெருப்பெடுத்து ஏற்றினார்கள். நவம்பர் 2 முடிந்து நவம்பர் 3 விடிந்ததும் அவர்களில் இரண்டு பேர் ஒரு சட்டத்துக்கும் மூன்று பேர் இன்னொரு சட்டத்துக்கும் திரும்பிப் போனார்கள். அந்தச் சட்டம் மாறும்வரை என் மகளின் கேள்வி என் ஒருவனுக்கானது மட்டுமல்ல. டெல்லியும் பதில் சொல்ல வேண்டும், எங்கள் ஆயர் இல்லங்களும் பதில் சொல்ல வேண்டும்.